கல்கத்தாவுக்கு வந்த அமெரிக்கச் சைக்கிள்: தாமஸ் ஸ்டீவன்ஸ் வரலாறு

நம் டாலிகஞ்சுப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில், மாடிப்படியின் கீழே ஒரு பழைய சைக்கிள் நெடுங்காலமாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வீட்டுப் பெரியவரின் பாட்டனார், தஞ்சை மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடிக் கல்கத்தா வந்து, ஓர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படையினர் இந்நகரைவிட்டுப் புறப்பட்டபோது, அவர்கள் விற்றுச் சென்ற வண்டிகளுள் ஒன்றை அவர் வாங்கினார் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. அண்மையில் பழம்பொருள் சேகரிப்போர் ஒருவர் அதற்கு நல்ல விலை தர முன்வந்தார். ஆனால் அது மெய்யாகவே அமெரிக்க வண்டியென்று யாரேனும் உறுதி கூறவேண்டும் என்றார். பழைய சைக்கிள்களில் எனக்குள்ள பித்தைப் பெரியவர் அறிவார். ஆகவே என்னை அழைத்தார்.

அமெரிக்க வண்டியை அறிந்துகொள்ள முதலில் பார்க்கவேண்டிய இடம் பெடல்களைத் தாங்கும் க்ராங்க் ஆகும். அமெரிக்காவில் மிகப் பெரும்பாலான வண்டிகளுக்கு இருபுறக் கைகளும் நடு அச்சும் சேர்ந்து ஒரே இரும்புத் துண்டாக வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். ஆங்கிலேய வண்டிகளிலோ கைகள் தனி, அச்சு தனி. இரண்டையும் ஒரு காட்டர் பின் அடித்து இறுக்கியிருப்பார்கள். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் காட்டர் பின்னைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். இரண்டாவதாக, பிரேக். கைப்பிடியிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிகளால் ரிம்மைப் பிடிப்பது ஆங்கிலேய முறை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிப்பு விழுவது அமெரிக்கருக்கு விருப்பமான முறை. பெரியவரின் வண்டியில் காட்டர் பின் இருந்தது. கம்பிப் பிரேக்கும் இருந்தது. துருவைத் துடைத்துப் பார்த்தபோது பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்னும் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரும், அதனருகே 52 என்ற எண்ணும் தென்பட்டன. அந்த ஹப்புகளில் அவ்வெண் செய்த ஆண்டைக் குறிப்பது. சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்று நானே ஒரு சமாதானம் சொன்னேன். ஆனால் க்ராங்குக்குச் சொல்ல ஒரு சமாதானமும் இல்லை.

பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டனாரின் நினைவுக்கு நான் ஏதோ குறை செய்துவிட்டதுபோல எனக்கே மனம் சங்கடப்பட்டது. பிறகு அவர், அப்படியானால் அமெரிக்கச் சைக்கிள் எதுவுமே இந்த ஊருக்கு வந்ததில்லையா என்று கேட்டார். வந்தது என்றேன். போர்க் காலத்துக்கு மிக முன்னே, 1886-ஆம் ஆண்டில், மிகப் பெரிய முன்சக்கரத்தோடு, ஹார்ட்போர்டு நகரில் செய்த ஓர் அமெரிக்க வண்டி, லாகூரிலிருந்து தன் சக்கரங்களாலேயே உருண்டு கல்கத்தா வந்து சேர்ந்தது. அதன்மேல் அமர்ந்து வந்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. பெரியவருக்கு அன்று நின்றபடியே சொன்ன கதையை, நம் சங்கத்து ஆண்டு மலரைப் படிக்கும் குடும்பத்தினர் அனைவருக்குமாக இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஸ்டீவன்ஸ் 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், இங்கிலாந்தில் ஹர்ட்போர்டுஷயர் பகுதியைச் சேர்ந்த பெர்க்கம்ஸ்டெட் என்னும் சிற்றூரில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் மளிகைக் கடையொன்றில் தொழில் பழகினார். தந்தையார் 1869-இல் அமெரிக்காவின் மிஸௌரி மாகாணத்துக்குச் சென்று பார்த்தவர். மனைவியின் உடல்நலம் குன்றவே ஊர் திரும்பினார். தந்தை விட்ட இடத்தில் மகன் தொடங்கினார். 1871-இல், மீசை அரும்பாத வயதில், ஸ்டீவன்ஸ் தனியே கப்பலேறினார். பின்னர் குடும்பத்தாரும் அங்கே போய்ச் சேர்ந்தனர். ஊரைவிட்டு முதலில் ஒருவன் வந்து, ஓர் அறையில் தங்கி, வேலை தேடிக்கொண்டு, பின்பு தாய் தந்தையரையும் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொள்ளும் கதை நம் காலனியில் எவருக்கும் புதிதன்று.

அமெரிக்காவில் அவருக்குப் பொன்மழை பொழிந்துவிடவில்லை. வயோமிங்கில் சில காலம் கூலி வேலை பார்த்தார். கொலராடோவில் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அந்தச் சுரங்க நாட்களில்தான், கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சைக்கிளில் போனால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாம். இதில் வியப்பு என்னவெனில், அப்போது அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. ஸான் பிரான்ஸிஸ்கோ சென்று அங்கேதான் ஓட்டக் கற்றுக்கொண்டார். நீந்தத் தெரியாதவன் கடலைத் தாண்டத் திட்டமிட்டதற்கு இது ஒப்பாகும்.

அவர் வாங்கிய வண்டியைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இக்கதையில் பாதி நாயகன் அதுவே. அதன் பெயர் கொலம்பியா ஸ்டாண்டர்டு. அதைச் செய்வித்த போப் கம்பெனியின் அதிபர் ஆல்பர்ட் போப், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் படையில் பணியாற்றியவர். கர்னல் என்றே ஊரார் அழைப்பர். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நிறுத்திய உயரச் சக்கர வண்டிகளைக் கண்டு மயங்கினார். முதலில் இங்கிலாந்திலிருந்து தருவித்து விற்றார். பிறகு 1878-இல், கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் இருந்த வீட் தையல் இயந்திரத் தொழிற்சாலையை அணுகி, அங்கேயே 50 வண்டிகள் செய்யச் சொன்னார். தையல் இயந்திரம் செய்த கைகளே அமெரிக்காவின் முதல் சைக்கிள் தொழிலை நிறுவின. நுண்ணிய பாகங்களை ஒன்றுபோல் ஒன்றாகக் கடைந்தெடுக்கும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்ததுதான் காரணம்.

கொலம்பியாவின் முன்சக்கரம் 50 அங்குல விட்டம் உடையது. பின்சக்கரமோ குழந்தையின் விளையாட்டு வண்டிச் சக்கரம்போல் மிகச் சிறியது. செயின் கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறை சுழலும். ஆகையால் வேகம் வேண்டுவோர்க்குச் சக்கரம் பெரிதாக இருக்கவேண்டும். எவ்வளவு பெரிது என்பதைச் சவாரி செய்பவரின் கால் நீளமே முடிவு செய்யும். சட்டைக்கு அளவெடுப்பதுபோல அக்கால வண்டிக்கும் அளவெடுத்தனர். இருக்கை முன்சக்கரத்துக்கு நேர்மேலே அமைந்தது. கல் ஒன்று தடுத்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். டயர் கட்டி ரப்பர். உள்ளே காற்று இல்லை. கறுப்பு எனாமல் பூசிய உடலும் நிக்கல் முலாம் பூசிய சக்கரங்களுமாக ஸ்டீவன்ஸின் வண்டி பார்வைக்கு மிடுக்காகவே இருந்தது.

இக்காலத்தில் இத்தகைய வண்டி ஒன்று கண்ணில் பட்டால் அதன் வயதை எப்படி அறிவது? போப் தம் தொழிலைக் காப்புரிமைகளாலேயே காத்தவர். பிரெஞ்சுக்காரரான பியர் லால்மான் 1866-இல் அமெரிக்காவில் பெற்ற பெடல் வண்டிக் காப்புரிமை முதலாகப் பலவற்றை விலைகொடுத்து வாங்கி, பிறர் வண்டி செய்தால் தமக்குப் பணம் கட்டவேண்டும் என்று ஆக்கினார். அந்தக் காப்புரிமைத் தேதிகளைத் தம் வண்டிகளில் பொறித்தும் வைத்தார். பேராசையால் செய்த செயல் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு உதவியாகிவிட்டது. பொறித்துள்ள தேதிகளில் கடைசித் தேதிக்கு முன்னே அந்த வண்டி பிறந்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பின் எத்தனை ஆண்டு கழித்தும் பிறந்திருக்கலாம். காப்புரிமை ஆண்டையே வண்டி செய்த ஆண்டாகக் கொள்வது புதிதாகப் பழம்பொருள் சேர்க்கத் தொடங்குவோர் எல்லாரும் செய்யும் பிழை. கடைக்காரர்களும் அப்பிழையைத் திருத்துவதில்லை. வயது கூடினால் விலையும் கூடுமல்லவா?

1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் காலை எட்டு மணிக்கு ஸ்டீவன்ஸ் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். மூட்டையில் காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவும் மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி, இவ்வளவே. சாலை என்று சொல்லத்தக்கது மேற்கு அமெரிக்காவில் அப்போது அரிது. மாட்டுவண்டித் தடங்களிலும், கால்வாய்க் கரைகளிலும், தண்டவாளத்தின் நடுவிலும் உருட்டிக்கொண்டு போனார். ஸியரா நெவாடா மலையில் பனியிலிருந்து ரயில்பாதையைக் காக்க மரத்தால் கூரையிட்ட நீண்ட குகைபோன்ற கொட்டகைகளுக்குள் வண்டியைத் தள்ளிச் சென்றார். ஒரு பாலத்தின் நடுவே ரயில் எதிர்ப்பட்டபோது, பக்கத்தில் ஒதுங்கி வண்டியைப் பள்ளத்தின்மேல் தொங்கப் பிடித்தபடி உயிர் தப்பினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தை நடந்தே கடந்தார் என்பர். ஆகஸ்டு 4-ஆம் நாள் பாஸ்டனை அடைந்தார். 3,700 மைல், 104 நாள். அமெரிக்காவைச் சைக்கிளில் குறுக்கே கடந்த முதல்வர் என்ற பெயர் அன்றே நிலைத்தது.

நியூயார்க்கில் அவ்வாண்டுக் குளிர்காலத்தைக் கழித்தபோது, அவுட்டிங் என்னும் பத்திரிகை அவரைத் தன் சிறப்பு நிருபராக்கி உலகைச் சுற்றிவர அனுப்பியது. அப்பத்திரிகை போப்புக்கு உரியது. வண்டியை விற்பவரே பத்திரிகையும் நடத்தி, அதில் எழுதுபவரை அதே வண்டியில் அனுப்பினால் எத்தகைய விளம்பரம் கிடைக்கும் என்பதைக் கர்னல் போப் நன்றாக அறிந்திருந்தார். நம் கதாநாயகர் வீரர்தாம். எனினும் அவ்வீரத்தைப் பிறர் ஒருவர் வியாபாரக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார் என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை.

1885 ஏப்ரலில் கப்பலேறி லிவர்பூல் அடைந்தார். மே 4-ஆம் நாள் அந்நகர எட்ஜ்ஹில் தேவாலயத்தின் முன்னிருந்து, பல நூறு பேர் கூடி நின்று பார்க்க, தலையில் வெள்ளைத் தொப்பியுடன் புறப்பட்டார். வழியில் தாம் பிறந்த பெர்க்கம்ஸ்டெட் ஊரைக் கடந்து சென்றார். கடல் தாண்டிப் பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி. பின் ஸெர்பியா, பல்கேரியா, துருக்கி. ஹங்கேரியில் ஒரு சைக்கிள் வீரர் சில நாட்கள் துணைவந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. கான்ஸ்டான்டிநோபிள் நகரில் இளைப்பாறி, வேண்டிய ஸ்போக் கம்பிகளும் டயரும் சேகரித்துக்கொண்டார். ஆசியாக் கண்டத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு வேறொரு தொல்லை தொடங்கிற்று. எந்த ஊருக்குப் போனாலும் மக்கள் திரண்டு வந்து, ஏறி ஓட்டிக் காட்டினாலன்றி விடமாட்டோம் என்று வழிமறித்தனர். பாரசீகத்தில் நாஸிருத்தீன் ஷாவே அவரை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்தார். அக்குளிர்காலத்தைத் தெஹ்ரானில் கழித்த ஸ்டீவன்ஸ் 1886 மார்ச்சு மாதத்தில் மீண்டும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்.

இங்கேதான் அவர் பயணம் அறுந்துபோகும் நிலை வந்தது. முந்திய ஆண்டில் பஞ்ச்தே என்னுமிடத்தில் ரஷ்யப் படையும் ஆப்கானியப் படையும் மோதியதால், பிரிட்டனும் ரஷ்யாவும் போர் மூளும் எல்லைக்கே வந்திருந்தன. ரஷ்யர் தம் நாட்டின் வழியே விட மறுத்தனர். ஆப்கானிஸ்தானத்தின் வழியே போவதை ஆங்கிலேயரும் விரும்பவில்லை. ஸ்டீவன்ஸ் எவரையும் கேளாமல் கிழக்குப் பாரசீகத்திலிருந்து எல்லையைக் கடந்தார். பரா என்னும் ஊரில் பிடிபட்டார். ஹேரத்துக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்து, பிறகு பாதுகாப்பாகப் பாரசீக எல்லையில் விட்டுவிட்டனர். மனம் தளராமல் காஸ்பியன் கடல், பாகூ, கான்ஸ்டான்டிநோபிள், சூயஸ் எனப் பெருஞ்சுற்றுச் சுற்றிக் கப்பலிலும் ரயிலிலுமாக இந்தியாவை அடைந்தார். விட்ட இடத்தை நேராகத் தொடர முடியாமற் போனது அவருக்குப் பெரிய வருத்தம். உலகைச் சுற்றிய பயணம் என்று சொன்னாலும் நிலம் முழுவதும் சைக்கிளில் அளக்கப்பட்டது அன்று என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஒரு மனிதனுக்கு இரண்டு பேரரசுகள் கதவை அடைத்தால் அவன் என்ன செய்வான்?

லாகூரில் தொடங்கியது அவருடைய இந்தியச் சவாரி. ஷேர் ஷா காலம் முதல் புகழ்பெற்ற கிராண்ட் டிரங்க் ரோடு அவருக்குச் சொர்க்க வாசலாகத் தோன்றிற்று. கங்கர் என்னும் சுண்ணாம்புக் கற்களை இட்டு இறுக்கிய அச்சாலை, அமெரிக்காவிலும் துருக்கியிலும் அவர் பட்ட பாட்டுக்கெல்லாம் ஆறுதலாக அமைந்தது. கட்டி ரப்பர் டயருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சாலை கொடுத்த சுகத்தை வெப்பம் பறித்துக்கொண்டது. டில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி என்று இறங்கி, வங்காளத்தின் பசுமைக்குள் நுழைந்து, கல்கத்தாவை வந்தடைந்தார். உலகைச் சுற்ற வந்த அயல்நாட்டுச் சைக்கிள் ஒன்று இந்நகரத் தெருவில் உருண்டது அதற்குமுன் நிகழ்ந்ததில்லை.

1886-இன் கல்கத்தாவை நினைத்துப் பாருங்கள். ஹூக்ளியின்மேல் இன்றைய ஹௌரா பாலம் இல்லை. 1874-இல் திறந்த மிதவைப் பாலமே இருந்தது. தெருக்களில் குதிரைகள் டிராம் இழுத்தன. நம் டாலிகஞ்சு நகருக்கு வெளியே கிடந்தது. கர்னல் டாலி வெட்டிய கால்வாயின் கரையில், தோட்ட வீடுகளும் வயல்களும் மூங்கிற் புதர்களுமாக இருந்த இடம். திப்பு சுல்தானின் மக்கள் இங்கே வாழ்ந்தனர். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் ஆங்கிலேயர் அவர்களை அங்கிருந்து பெயர்த்து இவ்வளவு தொலைவில் கொண்டுவந்து வைத்தனர். ஆகத் தமிழ்நாட்டிலிருந்து டாலிகஞ்சுக்கு வந்து குடியேறிய முதல் பெருங்குடும்பம், தானாக விரும்பி வந்ததன்று. ஸ்டீவன்ஸ் கல்கத்தாவில் நெடுநாள் தங்கவில்லை. இங்கிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் சென்றார். தென்னிந்தியா அவர் பாதையில் இல்லாமற் போனது நமக்குச் சிறு ஏமாற்றமே.

சீனாவில் அவர் பட்ட துன்பம் பெரிது. பிரான்சுடன் நடந்த போர் முடிந்து நெடுநாள் ஆகவில்லை. வெள்ளையர் எவரைக் கண்டாலும் மக்கள் கொதித்தனர். கூட்டம் கல்லெறிந்து துரத்த, உள்ளூர் அதிகாரிகள் தம் இல்லத்தில் மறைத்துவைத்து உயிர்காத்து, ஆற்றுவழியே அனுப்பிவைத்தனர். ஷாங்காய் சேர்ந்து, ஜப்பானில் நாகஸாகி தொடங்கி அமைதியான சாலைகளில் ஓட்டி, 1886 டிசம்பர் 17-ஆம் நாள் யோகஹாமாவில் பயணத்தை முடித்தார். ஏறியும் நடந்தும் கடந்த தூரம் ஏறக்குறைய 13,500 மைல். அடுத்த ஜனவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோ திரும்பினார்.

பயணத்தை அவர் எழுதிய நூல் இரண்டு பாகங்களாக 1887, 1888 ஆண்டுகளில் வெளிவந்தது. அதனைப் படிக்கும் இந்தியர் எவருக்கும் சில பக்கங்களில் முகம் சுளிக்கும். கிழக்கு நாட்டு மக்களை அவர் வேடிக்கைப் பொருளாகவே பல இடங்களில் காண்கிறார். சில வேளைகளில் இழிவாகவும் எழுதுகிறார். அக்கால வெள்ளையர் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பவிட எனக்கு மனமில்லை. துருக்கியிலும் பாரசீகத்திலும் ஏழைக் குடியானவர்கள் இட்ட ரொட்டியும் தயிருமே அவரை உயிரோடு வைத்தன. சீனத்து அதிகாரியின் கதவு திறக்காதிருந்தால் நூலே இல்லை. ஆயினும் சாலை எங்கே நன்று, எந்த ஆற்றில் பாலமில்லை, எவ்வூரில் என்ன கிடைத்தது என்று நாள்தோறும் குறித்துவைத்த அவர் கண்ணின் கூர்மையை மறுக்க முடியாது. குறையும் நிறையும் ஒரே மனிதரிடம் இருந்தன.

அவருக்குப் பின் கல்கத்தா வந்த மற்றோர் அமெரிக்கரையும் இங்கே குறிப்பிடவேண்டும். பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர் பிராங்க் லென்ஸ், 1892-இல் புறப்பட்டு, எதிர்த்திசையில் ஜப்பான், சீனா, பர்மா கடந்து 1893-இல் இந்தியா வந்து, கல்கத்தாவிலிருந்து மேற்கே கராச்சி வரை ஓட்டினார். 1894-இல் கிழக்குத் துருக்கியில் அவர் மறைந்தார். கொல்லப்பட்டார் என்பதே முடிவு. இவ்விருவர் வருகைக்கும் இடையே ஏழே ஆண்டுகள். அதற்குள் வண்டியின் உருவமே மாறிவிட்டது. லென்ஸ் ஓட்டியது விக்டர் என்னும் வண்டி. இரு சக்கரங்களும் ஒரே அளவு, நடுவே பெடல், பின்சக்கரத்துக்குச் செயின், காற்றடைத்த டயர். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் தந்தை அதுதான்.

பழைய அமெரிக்க வண்டிகளின் ஆண்டைக் கணிப்பவர்க்கு இந்த ஏழாண்டு இடைவெளி நல்ல பாடம். டன்லப் காற்று டயரைக் கண்டது 1888-இல். போப் கம்பெனி தன் முதல் தாழ்வண்டியை விற்றதும் அவ்வாண்டே. ஆகவே காற்று டயரோடு பிறந்த வண்டியை அதற்கு முன்னே தள்ள இயலாது. மரத்தால் வளைத்த ரிம் இருந்தால் 1890-களை நினைக்கலாம். பின்னோக்கி மிதிக்கும் ஹப் பிரேக் அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பரவியது. பருத்த பலூன் டயர் வண்டி 1933-இல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி வெளியிட்டது. செயின் சக்கரத்தின் பற்கள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக இல்லாமல் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக விலகி நின்றால் பழைய அமெரிக்க வழக்கத்தைச் சேர்ந்தது. கொலம்பியா என்ற பெயர்த்தகட்டில் ஹார்ட்போர்டு என்றிருந்தால் போப் காலம். வெஸ்ட்பீல்டு என்றிருந்தால் பெரும்பாலும் பிற்காலம். ஆனால் தகட்டை மட்டும் நம்பலாகாது. அமெரிக்காவில் ஒரே தொழிற்சாலை பல கடைகளுக்காகப் பல பெயர்த்தகடுகளை அறைந்து விற்றது. தகடு நான்கு ஆணிகளில் நிற்பது, கழற்றி மாற்றுவது எளிது. ஃப்ரேமில் பொறித்த எண், க்ராங்க், ஹப், ரிம் ஆகிய யாவும் ஒரே காலத்தைச் சொன்னாலன்றித் தீர்ப்பு வழங்கக் கூடாது. சாட்சிகளுள் ஒன்று முரண்பட்டால் யாரோ எப்போதோ பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

உலகப் பயணம் முடிந்தபின்னும் ஸ்டீவன்ஸ் ஓரிடத்தில் அமர்ந்தவர் அல்லர். ஆப்பிரிக்கக் காடுகளில் ஸ்டான்லி என்னும் பயணி எங்கிருக்கிறார் என்று தெரியாமலிருந்த 1889-இல், நியூயார்க் வொர்ல்டு பத்திரிகை அவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிற்று. அடுத்து ரஷ்யாவில் மாஸ்கோவிலிருந்து கருங்கடல் வரை குதிரைமேல் சென்றார். இரண்டும் நூல்களாயின. மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். இம்முறை சைக்கிளில் அன்று. நம் யோகிகளும் சந்நியாசிகளும் செய்வதாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை நேரில் ஆராய வந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, 1895 அளவில் பிரான்ஸிஸ் பார்ன்ஸ் என்னும் விதவையை மணந்தார். அந்த அம்மையாரின் புதல்வியரான வயலட், ஐரீன் வான்பிரா சகோதரிகள் ஆங்கில நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகையர். ஸ்டீவன்ஸும் லண்டன் காரிக் நாடகசாலையின் நிர்வாகத்தைக் கவனித்துவந்தார். உலகத்தின் நாற்சந்திகளிலெல்லாம் ஓட்டிக் காட்டச் சொல்லி வற்புறுத்தப்பட்டவர், முதுமையில் பிறர் ஆடும் மேடைக்குப் பின்னே கணக்குப் பார்த்தார். சைக்கிள் தொழில் வளர்ந்து, மோட்டார் வந்து, விமானமும் வந்தது. அவர் பெயர் மெல்ல மறைந்தது. 1935 ஜனவரி 24-ஆம் நாள் லண்டனில் காலமானார். கிழக்கு பிஞ்ச்லியில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய கொலம்பியா வண்டியைப் போப் கம்பெனியார் நெடுங்காலம் பாதுகாத்துவந்தனர். அது மட்டும் இன்று இருந்திருந்தால், ஆசியாவின் கற்களில் அடிபட்ட வடுக்களையும், கான்ஸ்டான்டிநோபிளில் மாற்றிய கம்பிகளையும் தொட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆயுதங்களுக்காகப் பழைய இரும்பு திரட்டினார்கள். மற்றத் தட்டுமுட்டுக்களோடு அந்த வண்டியும் உலைக்குப் போயிற்று. அதே போரின் அமெரிக்கச் சிப்பாய்கள்தாம் பெரியவரின் பாட்டனாருக்குச் சைக்கிள் விற்றதாக அவர் வீட்டில் சொல்லிவந்தனர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர், வண்டியை விற்பதில்லை என்று பழம்பொருள்காரருக்குச் சொல்லியனுப்பினார். ஆங்கிலேய வண்டியென்று அறிந்தபின் அவரும் வற்புறுத்தவில்லை. சென்ற மாதம் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். காட்டர் பின்னுக்கு எண்ணெய் விட்டு, புதுச் செயின் மாட்டி, பேரன் அதில் குத்ஹாட் பக்கம் காய்கறி வாங்கப் போயிருந்தான்.